காதல் சந்தேகம்: புதிய ஆலோசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துணையின் அன்பை ஓயாமல் சந்தேகிப்பவர்களோடு பேசப் பயிற்சி பெறும் ஆலோசகர்களின் அமர்வுக் குறிப்புகளைப் படித்தால், ஒரு காலத்தில் நான் எழுதிய வரிகளே கண்ணில் படுகின்றன. ரகசியம் காப்பது, பக்கம் சாயாமல் இருப்பது எல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஆறுதல் சொல்லி அனுப்புவது

இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு பெண் தினமும் இரவு கணவரிடம், "நான் உங்களுக்குப் போதுமா?" என்று கேட்பார். "போதும்" என்பார் அவர். பத்து நிமிடம் நிம்மதி. அப்புறம், "நீங்கள் சொன்ன விதம் சரியில்லையே" என்று மறுபடியும் ஆரம்பம். பயிற்சி ஆலோசகர் கணவரிடம் என்ன சொன்னார் தெரியுமா? "இன்னும் அடிக்கடி சொல்லுங்கள்." கேள்விகள் பெருகின. கணவர் சலித்துப்போனார். அந்தச் சலிப்பே சந்தேகத்துக்குச் சாட்சியாகிவிட்டது.

சுயமதிப்பு குறைந்தவர்கள், துணை தங்களை உண்மையில் மதிப்பதைவிடக் குறைவாகவே மதிப்பதாக எண்ணுகிறார்கள் என்று உளவியலாளர் சாண்ட்ரா மரே குழுவினரின் ஆய்வுகள் காட்டின. அதனால் ஆறுதல் உள்ளே தங்குவதில்லை. ஆனால் கேட்டவுடன் பதற்றம் கொஞ்சம் தணிகிறது. அந்தத் தணிவுதான் மறுபடி கேட்கத் தூண்டுகிறது. கை கழுவிக்கொண்டே இருக்கவைக்கும் ஓசிடியிலும் (வேண்டாத எண்ணமும் அதைத் தணிக்கச் செய்யும் செயலும் திரும்பத் திரும்ப வரும் மனநோய்) இதே சுழற்சிதான்.

சரி, என்ன செய்யலாம்? கேள்வியைத் தள்ளிப்போடப் பழக்குங்கள். முதலில் கால் மணி நேரம், பிறகு ஒரு மாலை முழுவதும். "இதற்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன், உன்னோடு உட்கார்ந்திருக்கிறேன்" என்று கணவர் சொல்லலாம். இருவரும் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் புறக்கணிப்பு.

தன்னைத்தானே புகழச் சொல்வது

"நான் அன்புக்குரியவள்" என்று திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது. சுயமதிப்பு குறைந்தவர்களுக்கு இது மனநிலையை மோசமாக்கலாம் என்று உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவினர் 2009-ல் காட்டிவிட்டார்கள்.

துணையின் போனைச் சோதிக்க அனுமதிப்பது

கூடாது. அதுவும் கேள்வியின் இன்னொரு வடிவம்தான்.

எல்லாவற்றுக்கும் தாழ்ந்த சுயமதிப்பைக் காரணம் காட்டுவது

பொய் பிடிபட்ட பிறகு வரும் சந்தேகம் நோயல்ல. அதை முதலில் விசாரியுங்கள். வெளியே தன்னம்பிக்கையோடு தெரிபவரும் இந்தச் சுழற்சியில் சிக்கலாம். கைவிடப்படும் பயம் இருந்து, தன் மதிப்பு முழுவதையும் உறவிலேயே ஏற்றிவைத்தவர்களிடம் இத்தகைய உறவுச் சந்தேகங்கள் அதிகம் என்பது உளவியலாளர் கய் டோரோன் குழுவினர் 2013-ல் வெளியிட்ட முடிவு. இப்படிப்பட்டவர்களுக்கு உறவுக்கு வெளியே வேலை, நட்பு, ஆர்வம் எதுவாவது மீண்டும் உயிர்பெற வேண்டும்.

மிரட்டலையும் அடியையும் பொறாமை என்று எழுதுவது

ஜோடியாக உட்காரவைக்காதீர்கள். முதலில் பாதுகாப்பு.