கிளாரினெட் கைக்கு வந்த முதல் வாரம்

கிளாரினெட்தான் வேண்டும் என்று தேடி வந்து கற்றவர்களைவிட, எப்படியோ கையில் வந்து மாட்டி அதிலேயே ஊன்றிப் போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சிகாகோவில் ஒரு யூத வழிபாட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்கு வாத்தியம் கொடுத்தபோது, அண்ணன்மார் இருவருக்கு டியூபாவும் டிரம்பெட்டும் போக, உருவத்தில் சிறியவனுக்குக் கிளாரினெட் வந்தது. அந்தச் சிறுவன்தான் பின்னாளில் ஜாஸ் இசையில் புகழ்பெற்ற பென்னி குட்மன். ரிச்சர்ட் மூல்ஃபெல்ட் ஜெர்மனியின் மைனிங்கன் அரசவை இசைக்குழுவில் வயலின் வாசிக்கச் சேர்ந்தவர். கிளாரினெட்டைத் தானாகவே கற்றுக்கொண்டார். இனி எழுதுவதில்லை என்றிருந்த இசையமைப்பாளர் பிராம்ஸ், அவர் வாசிப்பைக் கேட்டு 1891-இல் கிளாரினெட்டுக்காக மீண்டும் பேனாவை எடுத்தார். ஆகவே எந்த வயதில், எந்த வழியில் வந்தீர்கள் என்ற கவலை வேண்டாம். பிள்ளைகளுக்கு மட்டும் முன்பற்கள் விழுந்து முளைத்திருக்க வேண்டும், துளைகளை மூடும் அளவுக்கு விரல் வளர்ந்திருக்க வேண்டும்.

முதல் நாளே முழு வாத்தியத்தையும் மாட்டாதீர்கள். வாயில் வைக்கும் மவுத்பீஸ், அதன் கீழே வரும் குட்டைக் குழாயான பேரல், ஊதும்போது அதிர்ந்து ஒலி தரும் மெல்லிய நாணல் தகடான ஒரு ரீட். இவை போதும். ரீடின் விறைப்பைக் காட்டும் எண் 2 அல்லது 2½ ஆக இருக்கட்டும். தடித்த ரீட் வாங்கினால் நல்ல சத்தம் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புதியவரின் உதடு அதைத் தாங்காது, காற்று இரைச்சல்தான் மிஞ்சும்.

ரீடை வாயில் வைத்து நன்றாக நனையுங்கள். ரீடைப் பிடித்துக்கொள்ளும் வளையமான லிகேச்சரை முதலில் மவுத்பீஸில் போட்டுவிட்டு, அதற்கடியில் ரீடைச் செருகுவது நல்லது, நுனி உடையாது. தட்டையான பக்கம் மவுத்பீஸோடு ஒட்டி இருக்க வேண்டும். கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்: ரீடின் நுனிக்கு மேலே மவுத்பீஸின் கறுப்பு விளிம்பு மயிரிழை அளவு தெரிந்தால் சரி. ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கழற்றி மறுபடி வையுங்கள். இந்த ஒரு நிமிடத்தில் சோம்பல் பட்டால் பிறகு அரை மணி நேரம் போராட வேண்டிவரும்.

கீழுதட்டைக் கீழ்ப்பற்களின் மேல் லேசாக மடியுங்கள். மேற்பற்கள் மவுத்பீஸின் மேல் நேராக உட்காரட்டும். வாயின் ஓரங்கள் உள்நோக்கி இறுகட்டும். கன்னம் உப்பக்கூடாது, தாடை சுருங்காமல் தட்டையாக இருக்க வேண்டும். இப்போது ஊதுங்கள். சுருதி காட்டும் கருவியான டியூனரில் எஃப் ஷார்ப் காட்டினால் உதடு சரியாகப் பிடித்திருக்கிறது. அதற்குக் கீழே போனால் பிடி தளர்ந்திருக்கிறது. மேலே ஏறினால் கடிக்கிறீர்கள். அந்த ஒரே ஸ்வரம் ஆடாமல் நிற்கும்வரை துளைகள் பக்கமே போக வேண்டாம் என்பது என் பிடிவாதம். உதடு வலித்தால் நிறுத்திவிட்டு, பிறகு எடுங்கள்.

முழுதாகப் பூட்டும்போது இணைப்புகளில் இருக்கும் கார்க்கில் கிரீஸ் தடவுங்கள். மேல் பகுதியில் துளைகளைச் சுற்றியுள்ள வளையங்களை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டால், இரண்டு பகுதிகளையும் இணைக்கும் சிறு கீ (உலோக நெம்பு) மேலே எழும்பும். அதன் பிறகே கீழ்ப் பகுதியைத் திருகிச் செருகுங்கள். அழுத்தாமல் திருகினால் அந்தக் கீ வளையும்.

எந்தத் துளையையும் மூடாமல் ஊதினால் ஜி. பின்புறத் துளையை இடது கட்டைவிரலால் மூடினால் எஃப், அதோடு ஆட்காட்டி விரலும் சேர்ந்தால் ஈ. அங்கிருந்து ஒவ்வொரு விரலாகக் கீழே இறங்குங்கள். நடுவில் கீச்சென்று கத்தினால், அநேகமாக ஏதோ ஒரு துளை ஓரத்தில் திறந்திருக்கிறது. கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு விரல்களைத் திருப்பிப் பாருங்கள். சதையில் முழு வட்டமாகத் தடம் பதிந்திருக்க வேண்டும். பிறை மாதிரி பாதித் தடம் இருக்கும் விரல்தான் குற்றவாளி. விரல் நுனியால் குத்தாமல், சதைப்பற்றான பகுதியால் மூடுங்கள். மோதிர விரல்தான் பெரும்பாலும் ஏமாற்றும்.

வாசித்து முடித்ததும் துணியை உள்ளே இழுத்து ஈரத்தை எடுங்கள். ரீடைத் துடைத்து அதன் உறையில் வையுங்கள். மவுத்பீஸிலேயே விட்டால் நுனி அலையலையாக வளைந்துவிடும். மூன்று நான்கு ரீட்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் எல்லாமே நீண்ட நாள் உழைக்கும்.

கீழ் ஸ்வரங்கள் நிலைத்த பிறகு இதைச் செய்து பாருங்கள். இடது கையின் கட்டைவிரலும் மூன்று விரல்களும் மூடிய நிலையில் சி ஊதுங்கள். உதட்டை மாற்றாமல், காற்றைக் குறைக்காமல், கட்டைவிரலை மட்டும் லேசாகச் சாய்த்து அதற்கு மேலே இருக்கும் ரெஜிஸ்டர் கீயைத் தொடுங்கள். புல்லாங்குழலில் பலமாக ஊதினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். கிளாரினெட்டோ அதையும் தாண்டிப் பன்னிரண்டாவது ஸ்வரமான ஜி-க்குப் போகும். 1700-ஐ ஒட்டி ஜெர்மனியின் நூரம்பெர்க்கில் வாத்தியம் செய்பவரான டென்னர் இதைச் சாத்தியமாக்கியதால்தான் ஷாலுமோ என்ற பழைய குழல் வாத்தியத்திலிருந்து கிளாரினெட் பிறந்தது. ஜி வராமல் கீழேயே முனகினால் கீயை இன்னும் பலமாக அழுத்தாதீர்கள். பேரலும் மவுத்பீஸுமாக எஃப் ஷார்ப் ஊதிய அந்தப் பயிற்சிக்கே திரும்பிப் போய் இரண்டு நாள் ஊதுங்கள்.