நாற்பது வயதில் மறுபடியும் மாணவர்: வந்திறங்கியவர்களுக்குச் சில விஷயங்கள்

பதினைந்து, இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு, சேமிப்பைத் திரட்டிக்கொண்டு முதுகலை படிக்க வெளிநாடு வந்திருக்கிறீர்கள். வீடு, சிம் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாம் எப்படியும் நடந்துவிடும், வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வகுப்பில் விழும் அடியைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை.

நான் சேர்ந்தபோது எனக்கு 41. முதல் கட்டுரையை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தேன், வருடக்கணக்காகச் செய்த வேலைதானே தலைப்பு என்ற தெம்பு. வந்தது 52 மதிப்பெண். ஓரத்தில் ஏழு இடத்தில் ஒரே கேள்வி: "இதைச் சொன்னது யார்?" நான்தான் சொன்னேன், வேறு யார்! இரண்டு நாள் கோபம் அடங்கவில்லை. அலுவலகத்தில் நாம் சொன்னால் தலையாட்டுவார்கள், இங்கே ஆய்வைக் காட்டு என்பார்கள். அதற்காக அனுபவத்தை மூட்டை கட்டி வைக்க வேண்டாம். ஊழியர்கள் ஏன் வேலையை விடுகிறார்கள் என்று எழுதுகிறீர்கள் என்றால், இரண்டு ஆய்வுகள் சொல்வதை முதலில் வையுங்கள், அவை எந்த மாதிரி நிறுவனத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்று காட்டுங்கள். அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கத்தான் உங்கள் இருபது வருடம் உதவும், கூடப் படிக்கும் பையனுக்கு அது கண்ணில் படாது.

முதல் வாரமே நூலகத்துக்குப் போய் உங்கள் துறைக்கான நூலகர் யார் என்று கேளுங்கள். அவரோடு அரைமணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதத் தேடல் மிச்சம். படித்த நூல், கட்டுரை விவரங்களைச் சேமித்து மேற்கோள் பட்டியலைத் தானே போட்டுத்தரும் ஸோட்டெரோ (Zotero) மென்பொருள் இலவசம், அன்றைக்கே போட்டுவிடுங்கள். மேற்கோள் பட்டியலைக் கையால் தட்டிக்கொண்டு விடிய விடிய உட்காராதீர்கள். உங்கள் கட்டுரை மற்ற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் டர்னிட்டின் (Turnitin) மென்பொருள் காட்டும் சதவீதத்தைப் பார்த்தும் பதற வேண்டாம், மேற்கோளும் பட்டியலும்கூட அதில் சேரும். ஆனால் ஒருவருடைய கருத்தை உங்கள் வார்த்தையில் மாற்றி எழுதிவிட்டு அவர் பெயரைப் போடாவிட்டால், சதவீதம் பூஜ்யமாக இருந்தாலும் அது திருட்டுதான்.

அப்புறம் நேரம். வாரத்துக்கு எட்டு, பத்து மணி நேரம்தான் வகுப்பு என்று அட்டவணையைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிரிட்டனில் முதுகலைக்கு 180 கிரெடிட் (படிப்புச் சுமையை அளக்கும் அலகு), ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்று கணக்கு, ஆக 1800 மணி நேரம். ஐரோப்பிய நாடுகளின் பொதுவான கிரெடிட் முறையான ஈசிடிஎஸ்ஸில் (ECTS) ஒரு முழு வருடத்துக்கு 60 கிரெடிட், ஒவ்வொன்றுக்கும் 25 முதல் 30 மணி நேரம். எல்லாப் பாடத்தின் கெடு தேதியையும் ஒரே காலண்டரில் எழுதிப் பாருங்கள், எல்லாம் ஒரே பத்து நாளுக்குள் வந்து நிற்கும்.

விசா விஷயத்தில் "தெரிந்தவர் சொன்னார்" என்பதே வேண்டாம். பிரிட்டன் மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் பருவ நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான் வேலை, திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம், இந்த வாரம் குறைத்து அடுத்த வாரம் கூட்டிக்கொள்ள முடியாது, சுயதொழிலுக்கும் அனுமதியில்லை. ஆகவே பழைய வாடிக்கையாளருக்கு ராத்திரி லேப்டாப்பில் "சின்ன உதவி" செய்வதற்கு முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். குடும்பத்தை அழைத்து வருவதும் அப்படியே: 2024 ஜனவரி முதல் அங்கே பாட வகுப்பு சார்ந்த முதுகலைக்குச் சேருபவர்களில் பெரும்பாலோர் மனைவி, கணவர், பிள்ளைகளைச் சார்ந்தோர் விசாவில் கூட்டி வர முடியாது.

குழு வேலையில் உங்களோடு இருப்பவர்களுக்கு 23 வயது இருக்கும். நமக்கோ வாய் தானாக மேனேஜராகிவிடும், வேலையைப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்துவிடுவோம். நான் செய்தேன், மூன்றாவது கூட்டத்துக்கு யாரும் வரவில்லை. பேராசிரியரும் வயதில் சின்னவராக இருக்கலாம், பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார், "சார்" என்று வருவதை விழுங்கிப் பழக ஒரு பருவம் ஆகும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஊரில் அப்பாவுக்கு முடியவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஏதாவது வரத்தான் செய்யும். அவகாசம் கேட்பதைக் கெடு முடிவதற்கு முன்பே கேளுங்கள், ஆதாரக் காகிதத்தோடு. நம்மில் பலர் கூச்சப்பட்டுக் கடைசி ராத்திரி வரை சமாளிக்கப் பார்ப்போம், மறுநாள் காலையில் அதே காகிதத்தைக் கொண்டுபோனால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்றுதான் கேட்பார்கள்.