அமெரிக்காவில் மாநில, உள்ளாட்சி ஒப்பந்தங்கள்: எதற்கு டெண்டர் போடுவது என்று முடிவெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘இந்த வேலையை எப்படி, என்ன விலைக்குச் செய்வீர்கள்’ என்று ஒரு நகராட்சி கேட்டு வெளியிடும் நூறு பக்க முன்மொழிவுக் கோரிக்கைக்கு ஒழுங்காகப் பதில் எழுதுவதென்றால், ஒரு சிறு நிறுவனத்தில் இரண்டு மூன்று பேருடைய பல வார உழைப்பு அதில் போய்விடும். அந்தச் செலவை அரசு அமைப்புகள் பொதுவாகத் திருப்பித் தருவதில்லை. தரமாட்டோம் என்று கோரிக்கை ஆவணத்திலேயே ஒரு வரி எழுதியிருக்கும். ஆகவே இந்தத் தொழிலுக்கு வரும் நிறுவனம், டெண்டரை எப்படி எழுதுவது என்று கற்பதற்கு முன், எந்த டெண்டரை எழுதாமல் விடுவது என்று கற்றாக வேண்டும். அந்த முடிவை ஆவணம் கைக்கு வந்த ஓரிரு நாட்களுக்குள்ளேயே எடுத்துவிட வேண்டும். நடைமுறையிலோ, பணி விவரத்தைப் படித்தவுடன் ‘இது நம்மால் முடிகிற வேலைதானே’ என்று தோன்றிவிடுகிறது, உடனே எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். தகுதி நிபந்தனைகளும் மதிப்பெண் அட்டவணையும் கடைசி வாரத்தில்தான் கண்ணில் படுகின்றன. வேலையைச் செய்ய முடியுமா என்பதும், அந்த ஒப்பந்தம் நமக்குக் கிடைக்குமா என்பதும், கிடைத்தால் கட்டுப்படியாகுமா என்பதும் மூன்று தனிக் கேள்விகள். பெரும்பாலானோர் முதல் கேள்விக்கு மட்டும் பதில் கண்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள்.

கண்ணில் படுவதையெல்லாம் துரத்துவது

கூட்டாட்சி அரசின் டெண்டர்களுக்கு ‘சாம்’ என்ற பொதுவான இணையதளம் இருக்கிறது. அதில் பதிவு செய்துவிட்டால் மாநில, நகராட்சி டெண்டர்களும் தானாக வந்து சேரும் என்று நினைப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கவுண்டிகள் (மாநிலத்தின் நிர்வாகப் பிரிவுகள்), நகராட்சிகள், நகரியங்கள், பள்ளி மாவட்டங்கள், குடிநீர், தீயணைப்பு போன்ற ஒரே பணிக்கென அமைந்த தனி மாவட்டங்கள் என 90,000-க்கும் மேற்பட்ட உள்ளாட்சி அமைப்புகள் அந்நாட்டில் உள்ளன. அவை அனைத்துக்கும் பொதுவான தளம் எதுவும் கிடையாது. டெக்சாஸ் மாநிலம் ‘எலக்ட்ரானிக் ஸ்டேட் பிசினஸ் டெய்லி’யிலும், கலிஃபோர்னியா ‘கால் ஈப்ரோக்யூர்’ தளத்திலும், வர்ஜீனியா ‘ஈவா’விலும் டெண்டர்களை வெளியிடுகின்றன. நகராட்சிகளோ பெரும்பாலும் தனியார் நடத்தும் ஏதாவதொரு தளத்தைப் பயன்படுத்துகின்றன.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்த தவறுக்குப் போய்விடுவதுண்டு. எல்லாத் தளங்களிலும் பதிவு செய்து, தொழிலோடு சற்றே தொடர்புள்ள பொருட்குறியீடுகள் (பொருள், சேவை வகைகளுக்கான எண்கள்) அனைத்தையும் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். டெக்சாஸில் பயன்படும் என்ஐஜிபி குறியீட்டுப் பட்டியலும் கலிஃபோர்னியாவில் பயன்படும் யுஎன்எஸ்பிஎஸ்சி பட்டியலும் வேறு வேறானவை என்பதால், ஒரே தொழிலுக்கு இரண்டிடத்திலும் தனித்தனியே பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். அப்படிப் பார்க்காமல் அள்ளிப்போட்டால் அன்றாடம் வரும் அறிவிப்புகளின் குவியலில் உண்மையிலேயே பொருத்தமான ஒன்று புதைந்துபோகும். என் கருத்தில், முதல் ஆண்டில் ஒரு மாநிலத்தையும் அதற்குள் பத்துப் பதினைந்து அமைப்புகளையும் எடுத்துக்கொண்டு, அவை எப்போது, எதை, யாரிடம் வாங்குகின்றன என்று கவனிப்பது இருபது மாநிலங்களில் பதிவு செய்வதைக் காட்டிலும் அதிகப் பலன் தரும்.

மதிப்பெண் அட்டவணையைப் பார்க்காமல் விலையைக் குறைப்பது

எல்லா டெண்டரும் குறைந்த விலைக்குப் போவதில்லை. ஐஎஃப்பி எனப்படும் முத்திரையிட்ட விலைப்புள்ளி அழைப்பில், நிபந்தனைகளை நிறைவு செய்த தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கே ஒப்பந்தம் போகும். அங்கே நிறுவனத்தின் பெருமையை விளக்கி எழுதும் பக்கங்களுக்குப் பயனில்லை. ஆர்எஃப்பி எனப்படும் முன்மொழிவுக் கோரிக்கையில் விலை பல அளவுகோல்களில் ஒன்று மட்டுமே. கட்டிடக்கலை, பொறியியல் போன்ற தொழில்முறைச் சேவைகளில் நிலைமை இன்னும் வேறு: கூட்டாட்சி அளவில் 1972-இல் வந்த புரூக்ஸ் சட்டத்தைப் போலவே பல மாநிலங்களும் தகுதியை வைத்து முதலில் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் பிறகே கட்டணத்தைப் பேசுகின்றன. டெக்சாஸில் இத்தகைய சேவைகளை விலைப்போட்டி வைத்து வாங்குவதற்குச் சட்டமே இடம் தருவதில்லை. அங்கே போய் ‘நாங்கள் மலிவு’ என்று சொல்வதில் பொருளில்லை.

ஆர்எஃப்பியில் விலைக்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மொத்தம் 100 மதிப்பெண்ணில் விலைக்கு 20, அதே அளவிலான அரசுப் பணிகளில் முன்னனுபவத்துக்கு 35 என்று வைத்துக்கொள்வோம். மிகக் குறைந்த விலையை உங்கள் விலையால் வகுத்து 20-ஆல் பெருக்குவது பரவலாகக் கையாளப்படும் ஒரு முறை. நீங்கள் 4 லட்சம் டாலரும் போட்டியாளர் 5 லட்சம் டாலரும் கேட்டால், உங்களுக்கு 20 மதிப்பெண், அவருக்கு 16. ஒரு லட்சம் டாலரை விட்டுக்கொடுத்து நீங்கள் பெற்ற முன்னிலை வெறும் 4 மதிப்பெண்தான். அவர் இதே வேலையை மூன்று நகராட்சிகளுக்குச் செய்தவர், நீங்கள் தனியாருக்கு மட்டுமே செய்தவர் என்றால், அனுபவத்தில் அவருக்கு 32-உம் உங்களுக்கு 20-உம் விழ வாய்ப்புண்டு. அந்த 12 மதிப்பெண் பள்ளத்தை விலையால் மட்டும் நிரப்ப வேண்டுமானால், நீங்கள் 2 லட்சம் டாலருக்கு இறங்க வேண்டும். அப்போதும் சமநிலைதான் வரும். இந்தக் கணக்குக்குக் கால்மணி நேரம் போதும். அதைப் போட்டுப் பார்த்தவர், அந்த அனுபவமுள்ள வேறொரு நிறுவனத்தின் கீழ் துணை ஒப்பந்ததாரராகச் சேர்வதே மேல் என்ற முடிவுக்கு முதல் நாளே வந்துவிடுவார்.

இப்போது யார் செய்கிறார் என்று விசாரிக்காமல் இறங்குவது

பராமரிப்பு, மென்பொருள், பணியாளர் வழங்கல் போன்ற துறைகளில் வரும் டெண்டர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலைக்கான மறு டெண்டரே. அதை இப்போது செய்துவரும் நிறுவனம் யார், எவ்வளவு வாங்குகிறது, போன முறை யார் யார் என்ன விலை போட்டார்கள் என்பவை பொது ஆவணங்கள். கலிஃபோர்னியா, டெக்சாஸ், ஃப்ளோரிடா உட்பட எல்லா மாநிலங்களிலும் இதற்கான ஆவணச் சட்டங்கள் உண்டு. கொள்முதல் அலுவலகத்துக்கு ஒரு கோரிக்கை எழுதினால் முந்தைய ஒப்பந்தமும் விலைப்பட்டியலும் கிடைக்கும். ஆனால் டெண்டர் வெளியான பிறகு கேட்டால், பதில் வருவதற்குள் கடைசித் தேதி போய்விடலாம். ஒப்பந்தம் முடியும் தேதி தெரிந்தால் ஆறு மாதத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பட்டியலைப் படிப்பதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். ஏழு பேர் போட்டியிட்டு, முதல் நான்கு விலைகளும் ஒன்றையொன்று ஒட்டி நின்றால் அங்கே லாபம் ஏறக்குறையக் கரைந்துவிட்டது என்று பொருள். தொடர்ந்து ஒருவரே போட்டு ஒருவரே பெற்றிருந்தால், அவருக்கென்றே நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்கலாம். அல்லது வேறு யாரும் எட்டிப்பார்க்காததால் அந்த அமைப்பே போட்டியை எதிர்பார்த்துக் காத்திருக்கலாம். எது உண்மை என்று கண்டறிய நகரசபைக் கூட்டங்களின் குறிப்புகளையும் ஒளிப்பதிவுகளையும் பார்ப்பது நல்லது. அவை பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கின்றன. இருக்கும் ஒப்பந்ததாரரைப் பற்றி உறுப்பினர்கள் குறைபட்டுப் பேசியிருந்தால் அது உங்களுக்கான கதவு. எல்லோரும் பாராட்டி நீட்டிப்பு வழங்கியிருந்தால், டெண்டர் சட்டச் சடங்காக மட்டும் வெளியாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

நிபந்தனை ஒருவருக்குச் சாதகமாக இருக்கிறது என்று தோன்றினால், அதைக் கேள்வி கேட்பதற்கென ஒதுக்கிய காலத்துக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். தோற்ற பிறகு முறையிடலாம் என்று விட்டுவைப்பது வழி தவறுவதாகும். ஃப்ளோரிடா மாநிலத் துறைகளின் டெண்டர்களில், நிபந்தனைகளை எதிர்க்க விரும்புபவர் அவை வெளியான 72 மணி நேரத்துக்குள் எதிர்ப்பு அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் அந்த உரிமை போய்விடும்.

பத்திரம், காப்பீடு, பதிவு ஆகியவற்றைக் கடைசியில் பார்ப்பது

கட்டுமானப் பணிகளில் உத்தரவாதப் பத்திரம், அதாவது நீங்கள் தவறினால் ஈடுசெய்வதாக இன்னொரு நிறுவனம் தரும் உறுதி, இல்லாமல் பெரும்பாலும் எதுவும் நகராது. டெக்சாஸில் 1 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பொதுப்பணிக்குச் செயல் உத்தரவாதப் பத்திரமும், 25,000 டாலருக்கு மேற்பட்டதற்கு, நகராட்சியானால் 50,000 டாலருக்கு மேற்பட்டதற்கு, துணை ஒப்பந்ததாரர்களுக்கான பணம் செலுத்தும் பத்திரமும் வேண்டும். பத்திரம் தரும் நிறுவனம் உங்கள் நடப்பு மூலதனத்தையும் நீங்கள் இதுவரை முடித்த மிகப் பெரிய வேலையையும் பார்க்கும். 3 லட்சம் டாலருக்கு மேல் வேலை செய்திராதவர் 20 லட்சம் டாலர் பணிக்குப் பத்திரம் கேட்டால் கைவிரித்துவிடுவார்கள். அமெரிக்கச் சிறுதொழில் நிர்வாகத்தின் பத்திர உத்தரவாதத் திட்டம் 90 லட்சம் டாலர் வரையிலான ஒப்பந்தங்களுக்கு உதவுகிறது என்றாலும், அதற்கும் முன்கூட்டியே விண்ணப்பித்திருக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் சிறு பணிகளுக்கான விலக்கு நீங்கலாக, பொதுப்பணிக்கு விலை போடுபவர் மாநிலத் தொழிலுறவுத் துறையில் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். அரசு நிர்ணயித்த கூலி விகிதத்தைத்தான் தொழிலாளர்களுக்குக் கொடுக்கவும் வேண்டும். வழக்கமான கூலியை வைத்து விலை கணக்கிட்டவர் ஒப்பந்தம் கிடைத்த அன்றே நஷ்டத்தில் நிற்பார். டெண்டர் போடுவதற்கு முன் நடக்கும், கட்டாயம் என்று குறிக்கப்பட்ட விளக்கக் கூட்டத்துக்குப் போகாதவரின் டெண்டரைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

உள்ளூர் நிறுவனங்களுக்கும் சான்று பெற்ற சிறு நிறுவனங்களுக்கும் தரப்படும் முன்னுரிமையையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் மாநிலச் சான்று பெற்ற சிறு நிறுவனத்துக்கு விலை ஒப்பீட்டில் 5 சதவீதச் சலுகை உண்டு. அந்தச் சான்று இல்லாதவர் அந்த 5 சதவீதத்தையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

ஒப்பந்தத் தொகையைக் கைக்கு வரும் பணமாக நினைப்பது

அரசு பணம் தராமல் ஏமாற்றாது என்பது பெரும்பாலும் சரிதான். ஆனால் எப்போது வரும் என்பது வேறு கேள்வி. டெக்சாஸ் சட்டப்படி விலைச்சீட்டு கிடைத்து 30 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். மாதம் ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ கூடும் ஆட்சிக்குழுவுள்ள உள்ளாட்சி அமைப்புகளுக்கு 45 நாட்கள் அவகாசம். அந்த 30 நாளும் வேலை முடிந்து, விலைச்சீட்டு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. உங்கள் ஊழியர்களுக்கோ இரண்டு வாரத்துக்கொருமுறை சம்பளம் கொடுத்தாக வேண்டும். கட்டுமானத்தில் ஒவ்வொரு தவணையிலும் ஒரு பகுதியைப் பணி முடியும்வரை பிடித்து வைத்துக்கொள்வார்கள். இரண்டு மூன்று மாதச் செலவைக் கையிலிருந்து தாங்க முடியாத நிறுவனம் பெரிய ஒப்பந்தத்தைத் தொடாமலிருப்பதே நல்லது.

பணம் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்க வேண்டும். நியூயார்க்கின் நிதியாண்டு ஏப்ரல் 1, டெக்சாஸினுடையது செப்டம்பர் 1, அலபாமா, மிச்சிகன் இரண்டினுடையது அக்டோபர் 1, மற்ற மாநிலங்களுடையது ஜூலை 1 அன்று தொடங்குகின்றன. வரவுசெலவுத் திட்டம் நிறைவேறுவதற்கு முன் வெளியான டெண்டர், நிதி ஒதுக்கப்படாமல் ரத்தாகலாம். பல ஆண்டு ஒப்பந்தங்களிலும் அடுத்த ஆண்டுக்கு நிதி ஒதுக்கப்படாவிட்டால் விலகிக்கொள்ளும் உரிமையை அரசு வைத்துக்கொள்கிறது. கூட்டாட்சி மானியமானால் அதற்குரிய கெடுவும் விதிகளும் கூடவே வரும்: 2021-இன் மீட்புத் திட்டச் சட்டத்தில் மாநில, உள்ளாட்சி அமைப்புகளுக்குக் கிடைத்த 35,000 கோடி டாலரை 2024 இறுதிக்குள் ஒதுக்கி, பெரும்பாலும் 2026 இறுதிக்குள் செலவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு இதற்கு எடுத்துக்காட்டு.

இன்னொரு வகை ஏமாற்றம் முதன்மை ஒப்பந்தங்களில் வருகிறது. டெக்சாஸ் தகவல்வளத் துறையின் ஒப்பந்தங்களிலோ, பல அரசு அமைப்புகள் சேர்ந்து வாங்கும் நாஸ்போ வேல்யூபாயின்ட், சோர்ஸ்வெல் போன்ற கூட்டுக்கொள்முதல் ஏற்பாடுகளிலோ இடம் பெறுவது, விற்பதற்கான அனுமதிச் சீட்டு மட்டுமே. ஆவணத்தில் காணப்படும் ஆண்டு மதிப்பீடு ஆணையாகிவிடாது. நகராட்சிகளையும் பள்ளி மாவட்டங்களையும் நீங்களே தேடிப்போய் விற்க வேண்டும். விற்பனைக்கு ஆளில்லாத நிறுவனத்துக்கு இந்த வெற்றியால் வரும் காலாண்டு அறிக்கைகளும் நிர்வாகக் கட்டணமும்தான் மிச்சம்.

தொடங்கிவிட்டோம் என்பதற்காகத் தொடர்வது

போட வேண்டும் என்ற முடிவும் மாற்றத்துக்கு உட்பட்டதே. இடையில் டெண்டர் ஆவணத்தைத் திருத்தி வரும் பிற்சேர்க்கைகள் பணியின் அளவையும் பத்திரத் தொகையையும் தாமத இழப்பீட்டையும் மாற்றிவிடலாம். ஒவ்வொரு பிற்சேர்க்கை வரும்போதும் முதல் நாள் போட்ட கணக்கை மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும். பாதி எழுதியாகிவிட்டது என்ற காரணத்துக்காகவே அனுப்பப்படும் டெண்டர்களில்தான் விலைத் தவறுகள் நேர்கின்றன. அனுப்பிய பின் பின்வாங்குவது எளிதன்று: கலிஃபோர்னியாவின் பொதுப்பணிகளில் எழுத்துப்பிழை போன்ற தவறு நேர்ந்தால், விலைகள் திறக்கப்பட்ட ஐந்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் தெரிவித்தால்தான் விடுபட வழியுண்டு, வேலையின் அளவைத் தவறாக மதிப்பிட்டதெல்லாம் அதில் அடங்காது.

விலகுவதென்று முடிவு செய்தால், டெண்டரை அப்படியே மறந்துவிடுவதற்குப் பதில், பங்கேற்கவில்லை என்ற படிவம் இருந்தால் அதை நிரப்பி அனுப்பலாம். பத்திரத் தொகை அதிகம், கால அவகாசம் போதாது, குறிப்பிட்ட அனுபவ நிபந்தனை பொருத்தமற்றது என்று காரணத்தைத் தெளிவாக எழுதினால், போதிய போட்டியில்லாமல் டெண்டரை மீண்டும் வெளியிட நேரும் கொள்முதல் அலுவலர் அதைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்த ஆவணத்தைத் தயாரிக்க வாய்ப்பு உண்டு.