கோல்டு ஃபியூஷன் வீட்டுல ட்ரை பண்ணணுமா, மொதல்ல சூட்டை அளக்கக் கத்துக்கோங்க

கோல்டு ஃபியூஷன்னா சூரியன்ல மாதிரி அணுக்கள் சேர்ற ஃபியூஷன் சாதாரண சூட்டுலயே நடக்கும்ங்கிற கூற்று. போன அக்னி நட்சத்திரத்துல காட்பாடி வீட்டு மாடி ரூம்ல ராத்திரி 8 மணிக்கு, தண்ணில கரண்ட் விட்டு நான் ஓட்டுற செல்லு (போன் இல்ல, மின்பகுப்பு பாட்டில்) குடுத்த கரண்டுக்கு மேல அரை வாட் சூடு எக்ஸ்ட்ரா காட்டுச்சு, நான் எகிறி குதிச்சு தம்பிக்கு போன் போட்டு வரச்சொன்னா அவன் செவுத்துல கைய வச்சிட்டு "அண்ணா, செவுரு இன்னும் கொதிக்குது"ன்னான். அவ்ளோதான் மேட்டர். பகல் பூரா வேலூர் வெயில குடிச்ச மேக்கு செவுரு ராத்திரி கக்குது, நான் காலைல எழுதுன ரூம் டெம்பரேச்சரையே வச்சி கழிச்சிக்கினு இருந்தேன். அதனால சொல்றேன், நீங்க கட்டப்போறது ரியாக்டர் இல்ல, கேலரிமீட்டர், அதாவது சூட்டை அளக்குற பெட்டி.

1989 மார்ச் 23 அன்னைக்கு யூட்டா பல்கலைக்கழகத்துல ஃபிளெய்ஷ்மனும் பான்ஸும் பல்லேடியம்ங்கிற உலோகம், கனநீர் (டியூட்டீரியம்ங்கிற கனமான ஹைட்ரஜன் இருக்கிற தண்ணி) வச்சி எக்ஸ்ட்ரா சூடு வருதுன்னு அறிவிச்சாங்க. அதே வருசம் நம்ம மும்பை டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையத்துல பி.கே. ஐயங்கார் தலைமைல, ஃபியூஷன் நடந்தா வர்ற டிரிட்டியம், நியூட்ரான் பாத்தோம்னு சொன்னாங்க. 2019-ல கூகுள் காசுல நடந்த பெரிய டீம் நேச்சர் இதழ்ல கோல்டு ஃபியூஷனுக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கலன்னு எழுதிட்டாங்க. நிஜமாவே டியூட்டீரியம் ஃபியூஷன்ல ஒரு வாட் வந்தா வழக்கமான கணக்குப்படி செகண்டுக்கு லட்சம் கோடி நியூட்ரான் பக்கம் வரணும், பக்கத்துல நிக்கிற நீங்க உயிரோட இருக்க மாட்டீங்க.

கனநீர், பல்லேடியம்லாம் நம்ம பாக்கெட்டுக்கு வேணாம். நிக்கல் பவுடரும் லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடும் சீல் பண்ண டியூப்ல போட்டு ஆயிரம் டிகிரிக்கு மேல ஏத்துறது இருக்கே, அது பக்கமே போகாதீங்க, ஈரம் பட்டாலே அது தீப்பிடிக்கும், பிரஷர்ல டியூபும் வெடிக்கும். நிக்கலும் பொட்டாசியம் கார்பனேட்டும் போதும், அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டருக்கு கார்பனேட் 35 கிராம்.

பேட்டரி பேக்குக்கு விக்கிற நிக்கல் ஸ்ட்ரிப்ல பாதி முலாம் பூசுன இரும்பு. காந்தம் வச்சி கண்டுபிடிக்க முடியாது, நிக்கலும் ஒட்டும். அரத்தால ராவி உப்புத் தண்ணில ஒரு நாள் போடுங்க, துரு வந்தா கடைக்காரன் ஏமாத்திட்டான். பிளஸ், மைனஸ் ரெண்டு பக்கமும் நிக்கலே போடுங்க, ஸ்டீல் ஸ்பூன் போட்டா பிளஸ் பக்கத்துல குரோமியம் கரையும், ராணிப்பேட்டை குரோமியம் கழிவு கதை நம்ம ஊர்ல யாருக்கு தெரியாது. செல்லுல சாப்பாட்டு உப்பும் வேணாம், குளோரின் வரும்.

இந்த தண்ணியும் நிக்கலும் இருக்கிற செல்லு பாட்டிலை தெர்மோகோல் பாக்ஸ்ல வச்சி, பாக்ஸ அப்படியே பெரிய தண்ணி டிரம்முக்குள்ள பாதி முங்க வச்சிடுங்க, ரூம் ஏறி எறங்குனாலும் டிரம் மெதுவாதான் நகரும். டிரம்முக்கு ஒரு சென்சார், செல்லுக்கு ஒண்ணு, ரெண்டையும் ஒரே டம்ளர்ல போட்டு வித்தியாசத்த குறிச்சிக்கோங்க. வாயு டியூப் ஜன்னலுக்கு வெளிய போகணும், காத்துல 4 சதவீதம் ஹைட்ரஜன் சேந்தாலே பத்திக்கும்.

இப்ப கேலிபரேஷன், அதாவது தெரிஞ்ச வாட்டுக்கு எவ்ளோ சூடு ஏறுதுன்னு முன்கூட்டி குறிச்சிக்கிறது. 10 ஓம் ரெசிஸ்டர ஒரு டெஸ்ட் டியூப்ல எண்ணெய் ஊத்தி செல்லுக்குள்ள எறக்குங்க, 1 வாட், 2 வாட், 3 வாட்னு ஒவ்வொண்ணுக்கும் சூடு நிக்கிற வரைக்கும் ஓட்டி எழுதுங்க. எனக்கு ஒவ்வொண்ணும் ஆறு மணி நேரம் ஆச்சு, போரடிக்கும், ஆனா இத தாண்டி குதிச்சவன் பூரா நோபல் பரிசு வாங்குறதா கனவு கண்டவன்தான்.

அப்புறம் நிஜ ஓட்டம். வோல்ட்ட பவர் சப்ளை டிஸ்ப்ளேல பாக்காதீங்க, செல்லு கம்பியிலயே மீட்டர் வைங்க. 4 வோல்ட், அரை ஆம்ப்னா உள்ள போறது 2 வாட். அதுல 1.48 வோல்ட்டுக்கு உண்டானது, அதாவது 0.74 வாட், தண்ணிய பிரிச்சு வாயுவா வெளிய போயிடும், மீதி 1.26 வாட்தான் சூடு. ஆனா வெளிய போக வேண்டிய ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் உள்ளயே மறுபடி சேந்துட்டா முழு 2 வாட்டும் சூடாகும், நீங்க அறுபது சதவீதம் எக்ஸ்ட்ரான்னு ஆடுவீங்க. நிறைய பேர் வழுக்குன எடம் இது. இத பிடிக்க நகைத்தராசு போதும்: அரை ஆம்ப்ல 10 மணி நேரம் ஓடுனா 1.68 கிராம் தண்ணி கொறையணும், அதுக்கு மேல கொஞ்சம் ஆவியா போகலாம். அத விட கம்மியா கொறஞ்சா வாயு உள்ளயே சேருதுன்னு அர்த்தம்.

நான் மூணு ஸ்ட்ரிப் மாத்திட்டேன், எக்ஸ்ட்ரா சூடு 0.1 வாட்ட தாண்டல, என் செட்டப்போட பிழையே அவ்ளோ இருக்கும். அடுத்து தெர்மோகோல ரெண்டு அடுக்கா ஆக்கணும், அதுவும் மார்கழி வந்தப்புறம்தான்.