பள்ளியில் குப்பையைப் பிரிக்கச் சொல்லப் போகிறீர்களா? இந்தத் தப்புகளைச் செய்யாதீர்கள்

கொடுங்கையூர், பெருங்குடி குப்பை மலைப் படங்களை எல்லாம் சேர்த்து ஒரு பவர்பாயிண்ட் தயார் செய்துகொண்டு தலைமையாசிரியர் அறைக்குள் போகிறார்கள் பாருங்கள், அங்கேயே பாதி தோற்றுவிடுகிறார்கள். அவரும் இதே சென்னையில்தான் இருக்கிறார், அவருக்குத் தெரியாத குப்பையா? அவர் மனசில் ஓடுவது ஒரே கேள்விதான்: இந்த வேலையை யார் பார்ப்பது? அதற்குப் பதில் இல்லையென்றால் "நல்ல யோசனைம்மா, பார்க்கலாம்" என்று டீ கொடுத்து அனுப்பிவிடுவார்.

அந்தப் பதில் பள்ளியின் பின்பக்கத்தில் இருக்கிறது. அங்கே போய்ப் பார்க்காமல் பேசப் போவதுதான் இருப்பதிலேயே பெரிய தப்பு. பழைய விடைத்தாள், செய்தித்தாள் எல்லாம் அநேகமாக ஏற்கெனவே காயலாங்கடைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். அட்டைப்பெட்டியையும் தண்ணீர் பாட்டிலையும் பெருக்குகிற அக்கா ஒரு சாக்கில் தனியாகக் கட்டி வைத்திருப்பார், அவருக்கு அது பஸ் காசு. நீங்கள் பாட்டுக்கு "இதையெல்லாம் விற்று சுற்றுச்சூழல் மன்றத்துக்குப் பணம் சேர்க்கலாம்" என்றால், அவர் கைக்காசைப் பிடுங்கிவிட்டு அவரிடமே கூடுதல் வேலையும் வாங்குகிறீர்கள். அப்புறம் மாணவர்கள் என்னதான் பார்த்துப் பார்த்துப் பிரித்துப் போட்டாலும் சாயங்காலம் எல்லாம் ஒரே மூட்டையில்தான் வெளியே போகும். முதலில் அவரிடம் பேசுங்கள். விற்கிற காசு அவருக்கே என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிடுவது நல்லது, பள்ளி ஒன்றும் ஏழையாகிவிடாது.

பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி வாங்க ஸ்பான்சர் தேடி அலைய வேண்டாம். வகுப்புக்கு ஓர் அட்டைப்பெட்டி, அதில் பேப்பர் மட்டும், ஆரம்பத்துக்கு இது போதும். எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் சேகரிக்கிறேன் என்று இறங்கினால் சிப்ஸ் கவரும் ஜூஸ் டப்பாவும் மலையாகக் குவியும். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக் கிடக்கிற சரக்கைக் காயலாங்கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மாடிப்படிக்குக் கீழே எறும்பு மொய்த்தால் ஒரே வாரத்தில் திட்டம் காலி.

நேரமும் முக்கியம். அக்டோபரில் ஆரம்பிக்காதீர்கள், மழையில் நனைந்த பேப்பரை யாரும் எடுக்க மாட்டார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் கேட்டால் காலாண்டுத் தேர்வுக்குள் பழக்கம் வந்துவிடும்.

சட்டத்தைக் காட்டி மிரட்டுவதும் வேலைக்கு ஆகாது. குப்பையைப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன, சரி. அதைத் தலைமையாசிரியர் மேலதிகாரிகளிடம் காட்டிக்கொள்ள உதவும் ஒரு வரியாக, பள்ளிக்குக் கொடுக்கிற கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். (பிளாஸ்டிக் பூச்சு போட்ட பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதலே தமிழ்நாட்டில் தடை. ஆண்டு விழாவில் பெற்றோர் கையில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கவனியுங்கள்.)

கடிதம் யாருக்கு என்பதிலும் கோட்டை விடுகிறார்கள். தனியார் பள்ளியில் தாளாளர் தலையாட்டாமல் எதுவும் நகராது, அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வையுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம்: எந்த வகுப்புகள், பேப்பர் எடுக்க எந்தக் கிழமை ஆள் வருவார், மூட்டை எங்கே இருக்கும், ஆசிரியர் விடுப்பில் போனால் எந்தப் பெற்றோர் வந்து பார்ப்பார்.