மொட்டை மாடி இன்னொரு ஹால் இல்லை: அலங்கரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடியை அழகாக்க நினைக்கும் பலர் கடையில்தான் ஆரம்பிக்கிறார்கள். செயற்கைப் புல், மூங்கில் தட்டி, சர விளக்கு, இரண்டு நாற்காலி. போட்ட புதிதில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஐப்பசி மழை பிடித்ததும்தான் கீழே படுக்கையறைக் கூரையில் ஈரத் திட்டு தெரிய ஆரம்பிக்கும். ஹாலில் செய்ததையே மாடியிலும் செய்வதால் வரும் வினை இது. ஹாலில் மழை பெய்வதில்லை, வெயில் காய்வதில்லை, காற்று எதையும் தூக்கிக்கொண்டு போவதில்லை. மாடியில் இந்த மூன்றுக்கும் இடம் விட்ட பிறகுதான் அழகு.

முதலில் தண்ணீர். சென்னைப் பக்கத்துப் பழைய வீடுகளில் கான்கிரீட் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன்மேல் தட்டோடு என்கிற தட்டையான செங்கல் ஓட்டைப் பதித்திருப்பார்கள். மழைநீர் குழாய் வாய்க்கு ஓடுகிற மாதிரி கொத்தனார் வாட்டம் கொடுத்திருப்பார். அந்த வாட்டத்தை மூடிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. செயற்கைப் புல்லைச் சுவருக்குச் சுவர் விரித்தால் தூசியும் சருகும் அடியில் சேர்ந்து குழாய் வாயை அடைக்கும். தண்ணீர் தேங்குவது மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. புல் வேண்டும் என்றால் நடுவில் மட்டும் ஒரு துண்டு விரியுங்கள். ஓரத்தில் ஓரடி விடுங்கள். மாதம் ஒருமுறை சுருட்டி எடுத்துப் பெருக்க முடிய வேண்டும். உச்சி வெயிலில் அந்தப் புல் வெறுங்காலை வைக்க முடியாத அளவுக்குச் சுடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். எதையும் வாங்கும் முன், இரண்டு வாளி தண்ணீரைத் தரையில் ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நிற்கிற இடத்தைக் கொத்தனாரைக் கூப்பிட்டு முதலில் சரிசெய்யுங்கள்.

தளத்தில் டிரில் போடுவது அதைவிட மோசம். பந்தல் காலுக்காகத் தட்டோட்டில் ஒரு துளை போட்டால், உள்ளே இறங்கிய நீர் ஜல்லிக்குள் பரவி, துளைக்குச் சம்பந்தமே இல்லாத மூலையில் ஒழுகும். எங்கே பூசுவது என்றே தெரியாது. கம்பம் நட வேண்டும் என்றால் கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்தில் கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள்.

செடித் தொட்டிகளையும் தரையோடு ஒட்டி வைக்க வேண்டாம். அடியில் ஈரம் காயாமல் நிற்கும், வேர் ஓட்டு இடுக்கில் இறங்கும். செங்கல் மேலோ ஸ்டாண்டு மேலோ வையுங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவித் தேய்த்துவிட வேண்டும்.

அப்புறம் எடை. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ பாரம் என்று வைத்துத்தான் கட்டடங்கள் தாங்க வேண்டிய பாரத்துக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875-இன்படி கணக்குப் போடுகிறார்கள். 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் செம்மண் நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 30 கிலோவைத் தாண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒன்பது வாளி நெருக்கி வைத்தால் 270 கிலோ. தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தொகுப்பில் தென்னை நார்க்கழிவு தருவதற்கு எடை குறைவு என்பது ஒரு முக்கியக் காரணம். மண்ணைக் குறைத்து நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்துகொள்ளுங்கள். பெரிய தொட்டிகளை நடுத்தளத்தில் குவிக்காமல், கீழே சுவரோ பீமோ ஓடும் வரிசையில் பிரித்து வையுங்கள். பால்கனி பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள தளம். அங்கே கனமான சாமான் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் இருக்க வேண்டும். கம்பி ஓரத்தில் அடுக்கக் கூடாது.

கைப்பிடிச் சுவர் மேல் தொட்டி வைக்கவே வைக்காதீர்கள். காற்றில் ஒன்று விழுந்தாலும் கீழே போகிறவர் தலைக்கு ஆபத்து. குழந்தைகள் இருக்கும் வீட்டில் நாற்காலியும் ஸ்டூலும் அந்தச் சுவரை ஒட்டி நிற்கக் கூடாது. ஏறிப் பார்ப்பார்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் பெரிய மரங்களையே சாய்த்தது. அப்படிப்பட்ட காற்றில் நிழல்வலை பாய்மரம் போல உப்பிக் கம்பத்தோடு பிய்த்துக்கொண்டு போகும். புயல் எச்சரிக்கை வந்தால் அவிழ்த்து உள்ளே வைக்கிற மாதிரி முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள்.

செடி தேர்வில் திசை பார்க்காமல் வாங்குவது வழக்கமாகிவிட்டது. மேற்கு பார்த்த பால்கனியில் மணி பிளாண்ட் கருகும். அங்கே காகிதப்பூவும் டேபிள் ரோஸும் கொழுகொழுவென்று பூக்கும். கடற்கரைப் பக்கம், திருவான்மியூர் பெசன்ட் நகரில் இருப்பவர்கள், இரும்பு நாற்காலி வாங்கினால் உப்புக்காற்று சீக்கிரமே துருப்பிடிக்க வைத்துவிடும். அலுமினியம் அல்லது தேக்கு நல்லது.

இன்னொன்று, எனக்கு மனதுக்கு வருத்தமான தவறு. படத்தைப் பார்த்து பால்கனி அமைக்கிறவர்கள் துணிக்கொடியைக் கழற்றிவிடுகிறார்கள். நாலே நாளில் ஈரத்துணி சோபா மேலேயும் நாற்காலி முதுகிலும் ஏறிவிடும். வீட்டில் யார் அந்த இடத்தை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அம்மாவுக்கு வற்றல் காயவைக்க வெயில் விழும் மூலை வேண்டும். தாத்தாவுக்குக் காலை பேப்பர் படிக்க நிழல் வேண்டும். கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் கொடி போட்டால், சாயங்காலம் மேலே ஏற்றிவிட்டு நாற்காலி போட்டுக்கொள்ளலாம். நாலடி அகல பால்கனியில் சோபா செட்டுக்குப் பதில், குறுகிய பக்கச் சுவரோரம் ஒரு பெஞ்ச் போதும்.

விளக்கு விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். தூசியும் மழைநீரும் உள்ளே புகாது என்பதைக் காட்டும் ஐபி65 குறியீடு உள்ளதையே வாங்குங்கள். ஹாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துத் தரையில் போடாமல், மூடியுள்ள சாக்கெட் ஒன்றைச் சுவரில் உயரமாக வைக்கச் சொல்லுங்கள். அந்த இணைப்பு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகத்தான் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு, டெஸ்ட் பட்டனை அழுத்தி உங்கள் கண்ணெதிரே துண்டிக்கச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.