நியூ ஜெர்சியின் புகழ்பெற்றோர்: வேலூர் மாணவர்கள் பட்டியல் தொகுப்பதற்கு ஒரு வழிகாட்டி

பள்ளிக் கண்காட்சிக்காகவோ, வினாடி வினாவுக்காகவோ, நூலக வாரத்தையொட்டிய சுவரிதழுக்காகவோ அமெரிக்க மாநிலம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து வந்த புகழ்பெற்றவர்களைத் தொகுத்து வருமாறு ஆசிரியர் சொன்னால், மாணவர்கள் பெரும்பாலும் இணையத்தில் முதலில் அகப்படும் பட்டியலை அப்படியே சார்ட் அட்டையில் எழுதி, படங்களை ஒட்டி, வேலையை முடித்துவிடுகிறார்கள். நியூ ஜெர்சி மாநிலத்துக்கு அப்படி ஒரு அட்டை தயாரித்தால் அதன் தலைப்பிலேயே தாமஸ் எடிசனும் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் வந்து நிற்பார்கள். எடிசன் பிறந்தது ஒஹாயோ மாநிலத்தின் மிலன் என்ற ஊரில், ஐன்ஸ்டைன் பிறந்தது ஜெர்மனியின் உல்ம் நகரில். பெயர்களைத் தேடுவதற்கு முன்பே, ஒருவரை எந்த அடிப்படையில் ஒரு மாநிலத்தவர் என்று கொள்வது என்ற விதியை எழுதி வைத்துக்கொள்வதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. மற்றவையெல்லாம் அதற்குப் பிறகு எளிதாக நடக்கும்.

இவ்வழிகாட்டிக்கு நியூ ஜெர்சியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடரின் பாட்டனார் ஜான் ஸ்கடர் 1793-இல் பிறந்தது அம்மாநிலத்தின் ஃப்ரீஹோல்டு என்ற ஊரில். 1819-இல் இலங்கைக்குக் கப்பலேறி, 1836-இல் சென்னைக்கு வந்த அவருடைய பிள்ளைகள்தாம் 1853-இல் ஆர்க்காடு மிஷனைத் தொடங்கினார்கள். ஊரீசுக் கல்லூரி தாங்கியிருக்கும் பெயரும் எலிசபெத் ரோட்மன் ஊரீசு என்ற அமெரிக்கக் கொடையாளருடையது. போதாக்குறைக்கு, வேலூரிலும் ஆம்பூரிலும் கணினி வேலைக்காகப் பிள்ளையை எடிசன் நகரத்துக்கு அனுப்பிவிட்டு இரவில் வீடியோ அழைப்புக்காகக் காத்திருக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர்கள் புதியவை அல்ல.

விதியை வகுத்தல்

ஒருவருக்கும் ஒரு மாநிலத்துக்கும் உள்ள தொடர்பை மூன்றாகப் பிரித்துக்கொள்வது போதுமானது: அங்கே பிறந்தவர், வேறிடத்தில் பிறந்து அங்கே வளர்ந்தவர், பெரியவரான பின் அங்கே குடியேறிப் பணியாற்றியவர். ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிற அட்டையை ஒதுக்கிவிட்டால், பார்ப்பவருக்கு விளக்கம் சொல்ல வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும்.

பிறந்த ஊரை மட்டும் நம்புவது ஏன் போதாது என்பதை நம் பக்கத்து மாணவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடப்பதால் பிறப்புச் சான்றிதழில் ஓர் ஊரும், சொந்த ஊர் என்று கேட்டால் இன்னோர் ஊரும் சொல்வோர் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். எழுத்தாளர் டாரதி பார்க்கர் 1893-இல் நியூ ஜெர்சியின் லாங் பிராஞ்ச் கடற்கரையில் பிறந்ததும் ஏறத்தாழ இத்தகைய கதைதான். நியூயார்க் நகரத்துக் குடும்பம் கோடைக்காக அங்கே வந்து தங்கியிருந்த சமயத்தில் அவர் பிறந்தார். நாவலாசிரியர் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் 1789-இல் பர்லிங்டனில் பிறந்தார் என்றாலும், கைக்குழந்தையாக இருக்கும்போதே நியூயார்க் மாநிலத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவருடைய கதைகளின் காடும் ஏரியும் அந்த மாநிலத்தவை. இவ்விருவரையும் நீக்க வேண்டியதில்லை. ஆனால் அட்டையில் ஒரு வாக்கியம் கூடுதலாக எழுதியே ஆக வேண்டும்.

குரோவர் கிளீவ்லண்ட் இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களுள் நியூ ஜெர்சியில் பிறந்தவர் அவர் ஒருவரே. 1837-இல் கால்டுவெல் என்ற ஊரில் பிறந்து, சிறு வயதிலேயே நியூயார்க் மாநிலத்துக்குச் சென்று, அங்கே பஃபலோ நகரத்தின் மேயராகவும் பின்னர் அம்மாநிலத்தின் ஆளுநராகவும் உயர்ந்து, 22-ஆவது தலைவராகவும் 24-ஆவது தலைவராகவும் பதவி வகித்த அவர், ஓய்வுக் காலத்தைக் கழிக்கத் திரும்பி வந்தது நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டனுக்கு. 1908-இல் அங்கேயே இறந்தார். தொடக்கமும் முடிவும் ஒரு மாநிலத்தில், அரசியல் முழுவதும் மற்றொன்றில். இதற்கு மாறாக, உட்ரோ வில்சன் வர்ஜீனியாவில் பிறந்தவர்; பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் 1911 முதல் 1913 வரை நியூ ஜெர்சியின் ஆளுநராகவும் இருந்து, அங்கிருந்தே வெள்ளை மாளிகைக்குச் சென்றார். இவ்விருவரின் அட்டைகளையும் அருகருகே வைத்தால் விதியின் பொருள் தானாகவே விளங்கும்.

பணியாற்ற வந்தவர்களின் மாநிலம்

நியூ ஜெர்சியைப் பொறுத்தவரை மூன்றாவது வகைதான் மிகவும் வளமானது. எனவே பலகையில் அதற்கே அதிக இடம் ஒதுக்குமாறு பரிந்துரைப்பேன். எடிசன் 1876-இல் மென்லோ பார்க்கில் ஆய்வுக்கூடம் அமைத்தார்; ஒலிப்பதிவுக் கருவி 1877-இலும், நடைமுறைக்கு உகந்த மின்விளக்கு 1879-இலும் அங்கிருந்துதான் வெளிவந்தன. பின்னர் வெஸ்ட் ஆரஞ்சுக்கு மாறி, 1931-இல் அங்கேயே காலமானார். அமெரிக்காவில் அவர் பெயரில் பதிவான காப்புரிமைகள் 1,093. மென்லோ பார்க் அடங்கிய நகரியம் 1954-இல் அவருடைய பெயரைச் சூட்டிக்கொண்டது. நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் எடிசன் அதுதான். ஐன்ஸ்டைன் 1933-இல் பிரின்ஸ்டனுக்கு வந்து, 1940-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, 1955-இல் இறக்கும் வரை அவ்வூரிலேயே வாழ்ந்தார்.

மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் 1947 டிசம்பரில் டிரான்சிஸ்டர் உருவானது. அதற்காக 1956-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஜான் பார்டீன் விஸ்கான்சின் மாநிலத்தவர், வால்டர் பிராட்டெய்ன் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பிறந்தவர், வில்லியம் ஷாக்லி லண்டனில் பிறந்தவர். ஒருவர்கூட நியூ ஜெர்சியில் பிறக்கவில்லை. ஆயினும் அக்கண்டுபிடிப்பை அம்மாநிலத்தின் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியாது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 1943-இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தும் இவ்வாறே. காசநோய்க்கு முதன்முதலாகப் பயனளித்த அந்த மருந்துக்காக 1952-இல் நோபல் பரிசு பெற்ற செல்மன் வாக்ஸ்மன் உக்ரைன் மண்ணில் பிறந்தவர். அவருடைய அட்டையை எழுதும் மாணவர், ஆய்வுக்கூடத்தில் அந்த மருந்தைப் பிரித்தெடுத்த இளம் ஆய்வாளர் ஆல்பர்ட் ஷாட்ஸின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் கருத்து. பேராசிரியருக்கு மட்டும் பரிசு போய்ச் சேர்ந்த வரலாறு அது.

அங்கேயே பிறந்தவர்கள்

முதல் வகைக்குப் பெயர்கள் குவியும். திரைப்பட நடிகர்களும் பாடகர்களும் முந்திக்கொண்டு வருவார்கள். ஹோபோகனில் பிறந்த ஃபிராங்க் சினாட்ரா, நியூவர்க்கில் பிறந்த விட்னி ஹூஸ்டன், சம்மிட்டில் பிறந்த மெரில் ஸ்ட்ரீப் ஆகிய மூவரோடு அந்த வரிசையை நிறுத்திக்கொள்வது நல்லது. பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனை மட்டும் நான்காவதாகச் சேர்க்கலாம். 1949-இல் லாங் பிராஞ்சின் மருத்துவமனையில் பிறந்த அவர் வளர்ந்தது, ஜான் ஸ்கடர் பிறந்த அதே ஃப்ரீஹோல்டு ஊரில்.

வேலூர்ப் பார்வையாளர்களை நிற்கவைக்கும் பெயர் வர்ஜீனியா ஆப்கார் என்றே நினைக்கிறேன். 1909-இல் வெஸ்ட்ஃபீல்டில் பிறந்து மயக்கவியல் மருத்துவரான அவர், பிறந்த குழந்தையின் நிலையை உடனடியாக மதிப்பிட 1952-இல் ஒரு முறையை வகுத்தார். இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் இறுக்கம், தூண்டலுக்குக் காட்டும் எதிர்வினை, உடலின் நிறம் ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் இட்டு, பத்துக்கு இத்தனை என்று கணக்கிடுவதே அம்முறை. குழந்தை பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாவது நிமிடத்திலும் அது பார்க்கப்படுகிறது. இன்றும் பிரசவ அறைகளில் ஆப்கார் மதிப்பெண் என்ற பெயரிலேயே குறிக்கப்படுகிறது. செவிலியர்கள் நிறைந்த இவ்வூரில், வகுப்பில் யாராவது ஒருவருடைய அம்மாவோ அத்தையோ அதை விளக்கிச் சொல்லக்கூடியவராக இருப்பார். அவரிடம் கேட்டு எழுதிய நான்கு வரிகள், இணையத்தில் எடுத்த நாற்பது வரிகளைவிடச் சிறப்பாக அமையும்.

இவர்களோடு, 1930-இல் கிளென் ரிட்ஜில் பிறந்து 1969 ஜூலையில் நிலவில் நடந்த இரண்டாம் மனிதரான பஸ் ஆல்ட்ரின், 1885-இல் மவுண்ட் லாரலில் பிறந்து பெண்களின் வாக்குரிமைக்காகச் சிறை சென்ற ஆலிஸ் பால், 1898-இல் பிரின்ஸ்டனில், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து போதகரான ஒருவருடைய மகனாகப் பிறந்து பாடகராகவும் நடிகராகவும் உரிமைப் போராளியாகவும் விளங்கிய பால் ரோப்சன் ஆகியோரையும் சேர்த்துக்கொண்டால் பலகைக்கு ஒரு நிறைவு வந்துவிடும். இரண்டாவது வகைக்கு ஒருவர் போதும்: அலபாமாவில் பிறந்து வில்லிங்பரோவில் வளர்ந்து, ஒலிம்பிக்கில் ஒன்பது தங்கப் பதக்கங்கள் வென்ற கார்ல் லூயிஸ்.

எங்கே தேடுவது, எதை நம்புவது

ஒரு மாநிலம் தன் பெருமக்கள் என்று யாரைக் கொண்டாடுகிறது என்பதை அறிய மூன்று இடங்களைப் பார்க்கலாம். வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்றக் கட்டடத்துக்கு ஒவ்வொரு மாநிலமும் இரண்டு சிலைகளை வழங்கியிருக்கிறது. நியூ ஜெர்சி வழங்கியவை, விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ரிச்சர்டு ஸ்டாக்டன், உள்நாட்டுப் போரில் மாண்ட தளபதி பிலிப் கியர்னி ஆகியோருடையவை. 2008-இல் முதன்முறையாக உறுப்பினர்களைச் சேர்த்துக்கொண்ட நியூ ஜெர்சிப் புகழ் மன்றம் இரண்டாவது. மூன்றாவது இடம் நெடுஞ்சாலை. சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் வழியில் வாலாஜாவையும் வேலூரையும் கடக்கும் நாம், சாலையோர உணவகங்களுக்கு அறிஞர்களின் பெயர் இருக்கும் என்று எதிர்பார்ப்பதில்லை. நியூ ஜெர்சியிலோ வண்டிகள் நின்று இளைப்பாறும் நிலையங்களுக்கே கவிஞர் வால்ட் விட்மன், அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவிய கிளாரா பார்ட்டன், எடிசன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2021-இல் வேறு சில நிலையங்களுக்கு விட்னி ஹூஸ்டன், எழுத்தாளர் டோனி மாரிசன் போன்றோரின் பெயர்கள் சூட்டப்பட்டன.

இவை பெருமைப்படுத்தும் பட்டியல்கள் என்பதை மறந்துவிடலாகாது. பிறப்புக்குச் சான்றாக இவற்றைக் காட்ட முடியாது. கியர்னி நியூயார்க் நகரத்திலும், விட்மன் நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவிலும், பார்ட்டன் மாசசூசெட்சிலும், மாரிசன் ஒஹாயோவிலும் பிறந்தவர்கள். எனவே இங்கே பெயரை எடுத்துக்கொண்டு, பிறந்த ஊரையும் ஆண்டையும் கலைக்களஞ்சியம் ஒன்றிலும், இயன்றால் அவர் பெயரிலுள்ள நினைவு இல்லத்தின் அல்லது பல்கலைக்கழகத்தின் பக்கத்திலும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பெயரை விட்டுவிடலாம். நியூ ஜெர்சியில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

காலத்தையும் கவனிக்க வேண்டும். நியூ ஜெர்சி ஒன்றியத்தின் மாநிலமானது 1787-இல். 1730-இல் ஸ்டாக்டன் பிறந்தபோது அது ஆங்கிலேயரின் குடியேற்றம். நமக்கு இது பழகிய சிக்கல்தான். 1888-இல் இராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணி அன்றைக்கு வட ஆர்க்காடு மாவட்டம், இன்றைக்குத் திருவள்ளூர் மாவட்டம். 1912-இல் மு. வரதராசனார் பிறந்த திருப்பத்தூர் 2019-இல் தனி மாவட்டமாகிவிட்டது. பிறந்த நாளில் அந்த ஊர் எந்த ஆட்சிப் பகுதியில் இருந்தது என்பதை எழுதி, இன்றைய பெயரை அதன் அருகே குறிப்பதே சரியான வழக்கம். ஐடா ஸ்கடருக்கு அட்டை எழுதினால் அதில் "1870, இராணிப்பேட்டை, அன்றைய வட ஆர்க்காடு மாவட்டம்" என்றுதான் வர வேண்டும். அவர் பள்ளிப் படிப்பை மாசசூசெட்சிலும், மருத்துவப் பட்டத்தை 1899-இல் நியூயார்க்கிலும் முடித்தவர் என்பதால், நாம் வகுத்த மூன்று வகைகளில் எதிலும் அவர் நியூ ஜெர்சிக்காரர் ஆகமாட்டார். அவருடைய பாட்டனாரை முதல் வகையில் வைத்து, பேத்தியைப் பற்றி அந்த அட்டையிலேயே ஒரு வரி எழுதுவது முறையாகும்.

அட்டையை எழுதுதல்

ஒருவருக்கு ஓர் அட்டை. அதில் பெயர், பிறந்த ஊரும் ஆண்டும், மாநிலத்தோடு அவருக்குள்ள தொடர்பைச் சொல்லும் ஒரு முழு வாக்கியம், அவர் செய்த ஒரே ஒரு முக்கியப் பணி ஆகியவை இருந்தால் போதும். பதினைந்து அட்டைகளுக்கு மேல் யாரும் நின்று படிக்கமாட்டார்கள். நியூவர்க் என்பதும் நியூயார்க் என்பதும் கையெழுத்தில் மிக எளிதாக மாறிவிடும் என்பதால், எழுதியவரைத் தவிர வேறொரு மாணவர் ஊர்ப் பெயர்களை மட்டும் தனியாக ஒருமுறை சரிபார்க்க வேண்டும். இன்னும் வாழ்ந்துகொண்டிருப்பவர்களின் அட்டைகளைக் கண்காட்சிக்கு முந்தைய நாள் மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டு ஒட்டலாம்.